பவரை ஏற்ற ஏற்ற ஸ்பீடு குறைகிறது: பக்கத்தில் புது மாஸ்ட் வந்ததிலிருந்து இந்தப் பாடு

உடுமலை_இணையம்

வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே கிராமப்புறத்தில் சின்னதாக வயர்லெஸ் இணைய சேவை நடத்துகிறேன். 30 மீட்டர் டவர், உச்சியில் நான்கு 90 டிகிரி செக்டர் ஆன்டெனா, ஒவ்வொன்றும் 17 டிபிஐ (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்). வீடுகளில் 23 டிபிஐ டிஷ். மொத்தம் 58 வீடுகள், எல்லாம் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், 40 மெகாஹெர்ட்ஸ் சேனல்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பங்குனியில் இன்னொரு ஆபரேட்டர் என் டவரிலிருந்து 600 மீட்டரில் மாஸ்ட் நட்டார். அதற்குப் பிறகு ராத்திரி 7 மணியானால் போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. 20 எம்பிபிஎஸ் பிளான் போட்டவருக்கு 3, 4-தான் வருகிறது. போன வாரம் ஒரு அம்மா, மகளுக்கு நுழைவுத் தேர்வு கோச்சிங் ஆன்லைனில், வீடியோ நின்று நின்று வருகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்தது இது. டவரில் உள்ள ரேடியோக்களின் (ஆக்சஸ் பாயின்ட்) பவர் 19 டிபிஎம்-ல் (0 என்றால் ஒரு மில்லிவாட், 10 ஏறினால் பத்து மடங்கு) இருந்தது, 27-க்கு ஏற்றினேன். வீட்டு ரேடியோக்கள் எல்லாவற்றையும் 25-க்கு வைத்தேன். சிக்னல் பிரமாதமாக இருக்கிறது, 400 மீட்டரில் உள்ள வீட்டில் -33 காட்டுகிறது (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம்), இரண்டு கிலோமீட்டரில் இருப்பவர்கூட -50-க்குப் பக்கத்தில். நாய்ஸ் ஃப்ளோர், அதாவது பின்னணி இரைச்சல், -80 என்று திரையில் வருகிறது. கணக்குப்படி 30 டெசிபல் இடைவெளி இருக்கிறது, ஆனாலும் ராத்திரியில் எம்சிஎஸ் (ரேடியோ தானே தேர்ந்தெடுக்கும் வேகப் படி) 1, 2 என்று விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு வீடு, 3 கிலோமீட்டரில் தென்னந்தோப்புக்குள் இருப்பது, ஏற்கெனவே -71. உண்மையில் பவரை முதலில் ஏற்றத் தொடங்கியதே அந்த ஒரு வீட்டுக்காகத்தான்.

இன்னும் பெரிய செக்டர் வாங்கலாமா? இல்லை, பவரில் இன்னும் இடம் இருக்கிறது, 30 வரை போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாஸ்ட்_மாரி

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 27 டிபிஎம்-ஐ 17 டிபிஐ ஆன்டெனாவில் விட்டால் 44. இந்தப் பட்டையில் நமக்குள்ள வரம்பு ஈஐஆர்பி (ரேடியோ பவரும் ஆன்டெனா டிபிஐ-யும் சேர்ந்த கூட்டு) 36, அதாவது 4 வாட். நீங்கள் ஏறக்குறைய 25 வாட்டில் நிற்கிறீர்கள். வீட்டு டிஷ் 25-ம் 23-ம் சேர்ந்து 48, அது இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று கொடுத்த பட்டை என்பதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் ஆன்டெனாவுக்கு 19-தான் மேல் எல்லை, டிஷ்ஷுக்கு 13. பழைய 19 சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்புறம் எப்படி எட்டும்" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு ஏறக்குறைய 108 டெசிபல். தூரம் இரட்டித்தால் 6 கூடும். 3 கிலோமீட்டரில் 117. டவரிலிருந்து 36 புறப்பட்டு, 117 போய், டிஷ் 23 சேர்த்துக்கொடுத்தால் -58. நேர்பார்வை இருந்தால் சட்டப்படியான பவரிலேயே 3 கிலோமீட்டரில் -58. இதற்கு மேல் என்ன வேண்டும்? 400 மீட்டர் வீட்டுக்கு 27 எதற்கு?

இப்போது உங்கள் உண்மையான நோய்க்கு வருவோம். திரையில் தெரிகிற -80-ஐ நம்பாதீர்கள். அது பெரும்பாலும் யாரும் பேசாத நேரத்துச் சராசரி. எதிர் மாஸ்ட்டின் பாக்கெட் வரும் அந்த மில்லி நொடிகளில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது. எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் போடுங்கள், ராத்திரி எட்டரைக்குப் போடுங்கள், காலை 11 மணிக்குப் போட்டுவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். டவரில் ஒன்று, இரண்டு மூன்று வீட்டில் ஒவ்வொன்று. குறுக்கீடு அனுப்புகிறவனுக்குத் தெரியாது, கேட்கிறவன் காதில்தான் விழும். டவரில் மோசமாக இருந்தால் அப்லோடு அடிபடும், வீட்டில் மோசமாக இருந்தால் டவுன்லோடு அடிபடும். இரண்டும் வேறு வேறு வைத்தியம்.

600 மீட்டரில் அவர் செக்டர் உங்கள் செக்டரை நேருக்கு நேர் பார்த்தால், அவரும் உங்களைப் போல 44-ல் இருந்தால், உங்கள் ரேடியோ வாயில் -42 வந்து விழும். உங்கள் வாடிக்கையாளர் சிக்னலே -50 என்றால் அவர் சத்தம்தான் பெரிது. முதுகுப்பக்கம் திரும்பியிருந்தாலும் 25 டெசிபல்தான் குறையும், -67. வைஃபை முறையில் ஓடுகிற ரேடியோ -82-க்கு மேல் அடுத்தவர் பேசுவது கேட்டாலே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். முறை வைத்துப் பேசும் டிடிஎம்ஏ முறை என்றால் காத்திருக்காது, மோதும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று, 40-ஐ விட்டு 20-க்கு வாருங்கள். இந்தப் பட்டையில் மொத்தமே 150 மெகாஹெர்ட்ஸ், 40-ஆகப் போட்டால் மூன்று சேனல், உங்களுக்கோ நான்கு செக்டர், உங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்கிறீர்கள். 20 என்றால் ஏழு சேனல். "பாதியாகிவிடுமே" என்று பயப்படவேண்டாம். 40-ல் எம்சிஎஸ் 1-ல் தவழ்ந்தால் இரண்டு ஸ்ட்ரீமுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு தரவு ஓட்டம்) 54 எம்பிபிஎஸ், 20-ல் எம்சிஎஸ் 7-ல் நின்றால் 130. எது பெரிது?

ஈசிஇ_டீச்சர்

மாரி சார் சொன்ன கணக்கு எல்லாம் சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் "எல்லாரும் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கேட்பவர் புரிந்துகொள்ளக்கூடாது. அது பாதிதான் உண்மை.

உங்கள் சிக்னல், அவர் குறுக்கீடு, இரண்டின் விகிதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் 8 டெசிபல் ஏற்றினீர்கள், அவரும் தன் வாடிக்கையாளர் புலம்பலைக் கேட்டு 8 ஏற்றியிருப்பார். விகிதம் மாறவே இல்லை. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தை மீறிப் பேச இந்த மேசையில் குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும், கடைசியில் எல்லாருக்கும் தொண்டை கட்டும், யாருக்கும் பேச்சு கேட்காது. அதே மாதிரி இருவரும் சேர்ந்து 8 இறக்கினாலும் விகிதம் அப்படியேதான் இருக்கும். மோசமாகாது, ஆனால் தானாக நல்லதும் ஆகாது.

1993-ல் ஃபோஷினி, மிலியானிச் என்று இருவர் இதற்கு ஓர் எளிய விதி எழுதினார்கள். நான் வகுப்பில் எப்போதும் இதில்தான் தொடங்குவேன், அவ்வளவு அழகு. ஒவ்வொரு இணைப்பும் தனக்கு வேண்டிய விகிதத்தை முடிவு செய்துகொள்கிறது. இப்போது கிடைப்பது வேண்டியதில் பாதி என்றால் பவரை இரட்டிக்கிறது, வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு கிடைத்தால் பாதியாக்குகிறது. அடுத்த சுற்றில் மறுபடியும் அதே. யாரும் யாரோடும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாருடைய ஆசையும் ஒரே நேரத்தில் நிறைவேறக்கூடியது என்றால், இது தானாகவே எல்லாருக்கும் ஆகக் குறைந்த பவரில் போய் நிலைத்துவிடும். நிறைவேற முடியாத ஆசை என்றால் எல்லாருடைய பவரும் ஏறிக்கொண்டே போய் உச்சவரம்பில் முட்டி நிற்கும். நீங்களும் பக்கத்துக்காரரும் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே பவர் எதையும் தீர்க்காது. சேனலைப் பிரிக்கவேண்டும், அல்லது ஆன்டெனா பார்க்கும் திசையை மாற்றவேண்டும்.

அப்படியானால் பவரைக் குறைப்பதில் லாபம் எங்கே? எல்லாருக்கும் ஒரே அளவாகக் குறைப்பதில் இல்லை, கிட்டே இருப்பவரை மட்டும் நிறையக் குறைப்பதில் இருக்கிறது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசும் சிடிஎம்ஏ போன்களில் இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. கோபுரத்துக்கு அடியில் நிற்பவன் தூரத்தில் இருப்பவனை மூழ்கடித்துவிடுவான். அதனால் அந்தப் போன்களின் ஐஎஸ்-95 தரத்தில் கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 தடவை "ஏற்று, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, 3ஜி டபிள்யூசிடிஎம்ஏ-வில் 1500 தடவை. உங்களுக்கு அந்த வேகம் தேவையில்லை, வீடும் டிஷ்ஷும் நகர்வதில்லை, ஒரு தடவை ஒழுங்காக வைத்தால் போதும்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 400 மீட்டர் வீடு, இழப்பு சுமார் 100. டிஷ் 23, செக்டர் 17. டவரில் -60 கிடைத்தால் போதும் என்றால் அந்த வீட்டு ரேடியோவுக்குத் தேவையான பவர் 0 டிபிஎம். ஒரு மில்லிவாட்! நீங்கள் வைத்திருப்பது 316 மில்லிவாட். டவரில் அது -35-ஆக விழுகிறது, ரிசீவர் திணறக்கூடிய அளவு. சரி, அந்த டிஷ் உங்கள் டவரைப் பார்க்கும் அதே கோட்டில் பின்னால் 600 மீட்டரில் அவர் மாஸ்ட் இருக்கிறது என்று வையுங்கள். டிஷ்ஷிலிருந்து அவருக்கு 1 கிலோமீட்டர். இப்போது உங்கள் வாடிக்கையாளரின் டிஷ் அவர் காதில் -43-ல் கத்துகிறது. 0 டிபிஎம்-க்கு இறக்கினால் அது -68. உங்களுக்கு எம்சிஎஸ்-ல் ஒரு படிகூட இழப்பு இல்லாமல் அவருக்கு 25 டெசிபல் நிம்மதி. அவரும் தன் வீடுகளில் இதையே செய்தால் அந்த 25 உங்களுக்கு வரும். இதைத்தான் நீங்கள் அவரிடம் எடுத்துக்கொண்டு போகவேண்டும், புகாரை அல்ல.

கயிறும்_ஸ்பேனரும்

டவர் ஏறுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

பெரியவர்கள் கணக்கு சொல்லிவிட்டார்கள், ஆனால் உங்கள் செக்டர் எவ்வளவு டில்ட் (கீழ்நோக்கிய சாய்வு) வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 30 மீட்டர் உயரத்திலிருந்து 3 கிலோமீட்டர் வீட்டைப் பார்க்க அரை டிகிரிக்குச் சற்று மேல், 400 மீட்டர் வீட்டைப் பார்க்க நாலே கால் டிகிரி கீழே குனியவேண்டும். நிறையப் பேர் பூஜ்யத்தில் மாட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்போது பீமின் நடுப்பகுதி உங்கள் கடைசி வீட்டையும் தாண்டி அடுத்த ஊர்வரை அடிவானத்தை வருடிக்கொண்டு போகும், அங்கிருந்து வரும் குப்பையையும் அதே வழியில் வாரிக்கொண்டு வரும். இரண்டு, இரண்டரை டிகிரி குனியவைத்துப் பாருங்கள். தூரத்து வீட்டில் ஒன்றிரண்டு டெசிபல் போகும், எதிர் மாஸ்ட்டிலிருந்து வருவது அதைவிட அதிகமாகக் குறைய வாய்ப்பு உண்டு. செல்போன் ஆப் வைத்துக் கோணம் பார்க்கும்போது போனைச் செக்டரின் முதுகில் ஒட்டிப் பிடியுங்கள், பைப்பில் வைத்துப் பார்த்தால் பைப்பின் சாய்வுதான் தெரியும்.

அப்புறம் காற்று. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி, ஆனியிலேயே ஆரம்பித்துவிடும், காற்றாலை எல்லாம் சும்மாவா இங்கே நிற்கின்றன. கிளாம்ப் போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு மார்க்கர் பேனாவால் நட்டுக்கும் பைப்புக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை ஏறும்போது கோடு விலகியிருந்தால் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். போன ஆடியில் ஒரு தளத்தில் செக்டர் பன்னிரண்டு டிகிரி திரும்பியிருந்தது, அது தெரியாமல் கீழே உட்கார்ந்து பத்து நாள் பவரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பவர் பற்றியும் ஒன்று. ரேடியோ டப்பாவில் 27 டிபிஎம் என்று போட்டிருப்பது கீழ் எம்சிஎஸ்-க்கு. ஸ்பெக் ஷீட்டைப் பிரித்துப் பாருங்கள், மேல் எம்சிஎஸ்-க்கு எதிரே 21, 22 என்றுதான் இருக்கும். அதற்கு மேல் தள்ளினால் ஆம்ப்ளிஃபையர் முறுக்கிக்கொள்ளும், மேல் எம்சிஎஸ்-ல் தரவைக் குறிக்கும் 256 சிக்னல் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலங்கும், அதனால் ரேடியோ தானே கீழ் எம்சிஎஸ்-க்கு இறங்கிவிடும். போதாததற்கு அந்த முறுக்கல் பக்கத்து சேனலிலும் சிந்தும். ஒரே கம்பத்தில் நான்கு ரேடியோ வைத்திருக்கிறவருக்கு அது சொந்தக் கண்ணிலேயே மண்.

உடுமலை_இணையம்

எல்லாருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து வருகிறேன், என்ன நடந்தது என்று எழுதாமல் போனால் நியாயம் இல்லை.

முதல் நாள் ராத்திரி எட்டரைக்கு ஸ்கேன் போட்டேன். மாரி அண்ணா சொன்னது அப்படியே. கிழக்கு செக்டரில் நான் ஓடுகிற சேனலின் மேலேயே ஒரு மேடு, -58-ல், விட்டு விட்டு வருகிறது. மூன்று மாதமாக -80 என்ற ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு, நாய்ஸ் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பவரைக் குறைக்கக் கை வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல், எல்லாரும் தூங்கின பிறகு, முதலில் அந்த 400 மீட்டர் வீட்டை எடுத்தேன். 25-லிருந்து 20, பிறகு 15, பிறகு 8. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். 8-ல் எம்சிஎஸ் ஒரு படி மேலே போனது. 0-க்கு வந்தபோது டவரில் -61, எம்சிஎஸ் அசையவில்லை. ஒரு மில்லிவாட்டில் ஒரு வீடு முழுப் பிளானும் எடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் நம்பிக்கை வந்தது. விடிவதற்குள் கிட்டத்து வீடுகள் இருபத்திரண்டையும் இறக்கிவிட்டேன். மறுநாள் நான்கு செக்டரையும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, மூன்றை 15 டிபிஎம்-ல் வைத்தேன், தோப்புப் பக்கம் பார்க்கும் நான்காவதை மட்டும் 19-ல் விட்டேன். டில்ட் பார்த்தால் இரண்டு செக்டர் பூஜ்யம், ஒன்று ஒரு டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது! ஆளை வைத்துச் சரிசெய்தோம், மார்க்கர் கோடும் போட்டாயிற்று.

இதற்கே ராத்திரி ஸ்பீடு 4-லிருந்து 9, 10-க்கு வந்தது. மீதி எதிர் மாஸ்ட்தான். டீச்சரம்மா சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் ஒன்றரை மணி நேரம். அவரும் என்னைப் போலவே பயந்துபோய் ஏற்றியிருக்கிறார், வீட்டு ரேடியோ ஒன்றுவிடாமல் உச்சத்தில். நான் முதலில் அவர் வாடிக்கையாளர்களைப் பிடுங்கத்தான் சத்தத்தை ஏற்றினேன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார். -43, -68 என்று தாளில் எழுதிக் காட்டியதும் அவரே பேனாவை வாங்கித் தன் பக்கக் கணக்கைப் போட்டார். 5800-க்குக் கீழே நான், மேலே அவர் என்று பேசிக்கொண்டோம். எனக்குக் கீழே மூன்று 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் வருகிறது, நான்காவது செக்டரை 5500 பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறேன். இப்போது ராத்திரி எட்டரைக்கு 17, 18 நிற்கிறது. கோச்சிங் படிக்கிற பிள்ளையின் அம்மாவை நானே கூப்பிட்டுக் கேட்டேன், நான்கு நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

தோப்பு வீடு மட்டும்தான் இப்போது பிரச்சினை. 13 டிபிஎம்-ல் டவருக்கு -83 வருகிறது, அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. தற்காலிகமாக மொபைல் டேட்டா டாங்கிள் ஒன்று என் செலவில் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

மாஸ்ட்_மாரி

நல்ல வேலை தம்பி, அந்த டீக்கடைப் பேச்சுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. 5500 பக்கம் போகலாம், 2018-ல் 5 ஜிகாஹெர்ட்ஸில் திறந்துவிட்ட பட்டைகளில் 5470 முதல் 5725-ம் உண்டு. ஆனால் அங்கே வரம்பு வேறு, 36 என்று நினைத்து வைத்துவிடாதீர்கள், அறிவிக்கையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தோப்புக்குப் பவர் மருந்தே இல்லை. உங்கள் கணக்கில் வெட்டவெளியில் -64 வரவேண்டியது -83 என்றால் மட்டை 19 டெசிபல் தின்கிறது. மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் கூடும், காற்றில் ஆடும்போது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மரத்துக்கு மேலே போகவேண்டும், அல்லது சுற்றிப் போகவேண்டும். தோப்புக்கு இந்தப் பக்கம் டவர் தெரிகிற மாதிரி மோட்டார் ரூம், களம், ஏதாவது இருக்கிறதா? அங்கே ஒரு டிஷ் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குப் பைபர் இழுத்துவிடுங்கள். மறுபடியும் ரேடியோ வேண்டாம்.

உடுமலை_இணையம்

இருக்கிறது அண்ணா. கிணற்றுமேட்டில் மோட்டார் ரூம், வீட்டிலிருந்து 140 மீட்டர், கூரைமேல் ஏறி நின்றால் என் டவரின் சிவப்பு விளக்கு தெரிகிறது. அந்தப் பெரியவரிடம் இப்போதுதான் பேசினேன், கரண்ட் கனெக்‌ஷன் அங்கேயே இருக்கிறது, வாய்க்கால் ஓரமாகக் குழாய் பதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நாளைக் காலை 200 மீட்டர் பைபர் ரோல் எடுத்துக்கொண்டு போகிறோம். டிஷ் ஏறியதும் எத்தனை டிபிஎம்-ல் நின்றது என்று இங்கேயே போடுகிறேன்.